முகமும் பின்சீட்டும்: ஃபோர்டு டாரஸ் கடந்து வந்த பாதை

அட்லாண்டா விமான நிலையத்தை ஒட்டி ஹேப்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையின் கடைசிக் கார் 2006 அக்டோபர் 27 அன்று வெளியே வந்தது. அது ஒரு டாரஸ். சிக்-ஃபில்-ஏ என்ற பெரிய உணவகத் தொடரை நிறுவிய ட்ரூயட் கேத்தியின் கைக்கு அது போனது. கேத்தி 1946-இல் திறந்த முதல் சிற்றுண்டிக் கடை அந்தத் தொழிற்சாலைக்கு எதிரேதான் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து பசியோடு வரும் தொழிலாளிகளை நம்பித்தான் அந்தக் கடை வளர்ந்தது. தொழிற்சாலையை இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் இப்போது போர்ஷே நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைமையகம் நிற்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை மூடப்பட்டபோது அதன் வாசலில் நின்றவர்களுக்கு, ஒரு கார் நின்றுபோனால் ஓர் ஊருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்மூரில் டாரஸ் என்றால் மணலும் ஜல்லியும் ஏற்றிப் போகும் லாரி. அமெரிக்காவில் அது அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான் என்று ஒரு தலைமுறையே ஏறிப் போன குடும்பக் கார். பிறந்தது 1985-இல், அமெரிக்காவில் நின்றது 2019-இல். இடையில் அதைத் திரும்பத் திரும்ப வடிவம் மாற்றினார்கள். ஒருமுறை பெயரையே எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார்கள். பெரிய செடான் காரை எப்படிப் புதுப்பிக்கலாம், எப்படிப் புதுப்பிக்கக் கூடாது என்ற இரண்டுக்கும் ஒரே கார் சாட்சி சொல்வது அபூர்வம். அதனால்தான் இந்தக் காரின் வாழ்க்கையை எழுதத் தோன்றியது.

1980-இல் ஃபோர்டு நிறுவனம் படுத்துக் கிடந்தது. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து 300 கோடி டாலருக்கு மேல் நட்டம். பெட்ரோல் விலை ஏறியிருந்தது. டொயோட்டாவும் ஹோண்டாவும் டட்சனும் சிறிய, பழுதில்லாத கார்களை இறக்கி வீடு வீடாகப் பிடித்துக்கொண்டிருந்தன. ஃபோர்டிடம் இருந்தவையோ தகரப் பெட்டிபோலக் கட்டம் கட்டமான கார்கள். தலைவர் ஃபிலிப் கால்டுவெல்லும் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த டொனால்டு பீட்டர்சனும் ஒரு பெரிய பந்தயம் கட்டினார்கள். ஒரே ஒரு புதிய குடும்பக் காருக்காக ஏறத்தாழ 300 கோடி டாலர். அது விற்காமல் போனால் நிறுவனமே இருக்காது என்ற நிலை.

பொறுப்பு லூயிஸ் வெரால்டியிடம் வந்தது. ஐரோப்பாவில் ஃபியஸ்டாவை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் அவர். டெட்ராய்டில் அதுவரை கார் உருவான விதம் வேறு. வடிவமைப்பாளர் படம் போட்டு முடித்துப் பொறியாளரிடம் தள்ளுவார், பொறியாளர் ஆலைக்குத் தள்ளுவார், ஆலை விற்பனைப் பிரிவுக்குத் தள்ளும். தப்பு எங்கே நடந்தது என்று யாரும் கேட்க முடியாது. வெரால்டி எல்லோரையும் ஒரே குழுவாக முதல் நாளிலிருந்தே உட்கார வைத்தார். ஆலைத் தொழிலாளிகளிடமும் போய்க் கேட்டார். ஆளாளுக்கு ஒரு ஸ்பானர் தேட வைக்காமல் போல்ட்டுகளை ஒரே அளவாக வையுங்கள், உடலைப் பல துண்டுகளாக ஒட்டாமல் பெரிய துண்டுகளாக அடித்துத் தாருங்கள் என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனங்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டார்கள்.

அதோடு உலகின் நல்ல கார்களாக ஏறத்தாழ ஐம்பதை வாங்கிப் பிரித்துப் போட்டார்கள். எந்தக் காரில் எது சிறப்பு என்று நானூறு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் உருவானது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காலுக்குக் கிடைக்கும் உணர்வில் ஆடி 5000 முதலிடம். பெட்ரோல் முள் துல்லியமாகக் காட்டுவதில் டொயோட்டா சுப்ரா. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் பத்திரமாக வைக்கும் விதத்தில் பிஎம்டபிள்யூ 528இ. இப்படி ஸ்டெப்னி வைக்கும் இடம் வரைக்கும் இறங்கிப் பார்த்த கார் நிறுவனம் அந்நாளைய அமெரிக்காவில் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வடிவமைப்பு ஜாக் டெல்னாக்குடையது. முன்பக்கம் கிரில் கிடையாது. மூடிய வழவழப்பான முகம், நடுவில் ஃபோர்டின் நீல முட்டைச் சின்னம், அவ்வளவுதான். காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண் 0.33. அன்றைய அமெரிக்கக் குடும்பக் கார்களுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத அளவு. ஆடியின் சாயல் இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. ஜெல்லி மிட்டாய் என்றும் கேலி செய்தார்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் கேலி செய்யவில்லை. டேஷ்போர்டு ஸ்விட்சுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருந்தன. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் தடவியே எது எதுவென்று தெரிந்துகொள்ளலாம். பானெட்டைத் திறந்தால், வீட்டுக்காரரே பார்த்து ஊற்ற வேண்டிய இடங்களுக்கெல்லாம் பளிச்சென்று மஞ்சள் அடையாளம். ஆயில் அளக்கும் குச்சியின் பிடிகூட மஞ்சள். டிக்கியில் ஒரு வலை. மளிகைப் பைகளை அதில் நிறுத்தி வைத்தால் வளைவில் திரும்பும்போது தக்காளி உருண்டோடாது. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் முட்டியிடிக்காமல் உட்காரலாம்.

அதிலும் அந்த வலை. 300 கோடி டாலர் திட்டத்தில் யாரோ ஒருவர் மளிகைப் பையைப் பற்றி யோசித்திருக்கிறார். குடும்பக் காரை வடிவமைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் வேண்டாம் என்பேன்.

1985 டிசம்பர் 26-இல் விற்பனை தொடங்கியது. பயத்தில் பழைய எல்டிடி மாடலையும் கொஞ்ச காலம் கூடவே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். தேவையே இருக்கவில்லை. முதல் முழு ஆண்டிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. மோட்டார் ட்ரெண்ட் இதழ் 1986-இன் சிறந்த கார் என்றது. அதே ஆண்டில் ஃபோர்டு, லாபத்தில் ஜெனரல் மோட்டார்ஸை முந்தியது. 1924-க்குப் பிறகு அது நடந்தது அப்போதுதான். 1987-இல் வந்த ரோபோகாப் படத்தில் எதிர்கால டெட்ராய்டின் போலீஸ் காராகக் காட்டுவதற்கு, ஷோரூமில் கிடைத்த டாரஸைக் கறுப்படித்து நிறுத்தினாலே போதுமானதாக இருந்தது.

குறையில்லாத கார் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரமே போய்விடுகிறது என்றும், 3.8 லிட்டர் எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் வெடித்துவிடுகிறது என்றும் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. டொயோட்டா கேம்ரியும் ஹோண்டா அக்கார்டும் பத்து வருடம் சத்தமில்லாமல் ஓடிய காலத்தில் இந்தப் புகார்கள் டாரஸின் கணக்கில் ஏறிக்கொண்டே போயின.

1992-இல் முதல் புதுப்பிப்பு. செலவு கிட்டத்தட்ட 65 கோடி டாலர். தகடுகள் பெரும்பாலும் புதியவை, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குப் பழைய காரேதான். விமர்சகர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள். மக்கள் வாங்கினார்கள். அந்த ஆண்டு 4,09,751 கார்கள் விற்று, ஹோண்டா அக்கார்டைப் பின்னுக்குத் தள்ளி, அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் என்ற இடத்தைப் பிடித்தது. அந்த இடம் ஐந்து ஆண்டுகள் கைவிட்டுப் போகவில்லை. வாடகைக் கார் நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாகத் தள்ளிவிட்டது இதில் ஒரு பங்கு என்பது உண்மைதான். ஆனாலும் அமைதியான அந்த 1992 புதுப்பிப்பை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். பிடித்துப்போன காரை வீட்டுக்காரர்களிடமிருந்து பிடுங்காமல் சரிசெய்து கொடுத்தது அது.

இனி 1996. இந்தக் கதையில் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

டிக் லாண்ட்கிராஃப் என்பவரின் தலைமையில் டிஎன்101 என்ற குறியீட்டுப் பெயரில் வேலை நடந்தது. மேரி வால்டன் என்ற பத்திரிகையாளரை உள்ளே இருந்து பார்க்க அனுமதித்தார்கள். அவர் எழுதிய புத்தகம் 1997-இல் வெளிவந்தது. அதனால் இந்தக் காரின் பிறப்பு நமக்கு விவரமாகத் தெரியும். இலக்கு ஒன்றே ஒன்று: 1992 மாடல் டொயோட்டா கேம்ரி. கதவு மூடும் சத்தம், தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, சீட்டுத் துணி, எஞ்சின் அமைதி என்று கேம்ரியைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்தார்கள். ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவானது. பொறியியலில் அது நல்ல கார். உடல் விறைப்பு, திருப்பத்தில் நிலை, எஞ்சின் எல்லாமே முன்னேற்றம்.

ஆனால் வெளியே எங்கு பார்த்தாலும் முட்டை வடிவம். முன்விளக்கு முட்டை, முன்வாய் முட்டை, பின்கண்ணாடியும் முட்டை. உள்ளே ரேடியோவுக்கும் ஏசிக்கும் சேர்த்து டேஷ்போர்டு நடுவில் பதித்த பெரிய முட்டைப் பலகை. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஆனால் ரேடியோ கெட்டால் கடையில் வாங்கிய சாதாரண ரேடியோவை அங்கே பொருத்த முடியாது. பழைய காரில் விரல் தேடிக் கண்டுபிடித்த ஸ்விட்சுகள், இங்கே ஒரே முட்டைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. கூரை பின்னால் சரிந்து இறங்கியதால் பின்சீட்டில் தலைக்கு மேலிருந்த இடம் குறைந்தது. முழங்காலுக்கு இடம் கூட்டியிருந்தார்கள். ஆனாலும் உயரமான ஒருவர் ஏறும்போதே தலை இடித்தால், முழங்காலுக்குக் கிடைத்த இடத்தை யார் நினைத்துப் பார்ப்பார்? ஒரு நல்ல யோசனையும் இருந்தது: முன்னால் நடுவில் இருந்த சீட்டை மடித்தால் அது சாமான் வைக்கும் பெட்டியாக விரியும். அதைக் கண்டுபிடித்தவரையே கூரைக்கும் பொறுப்பாக்கியிருக்கலாம்.

விலையும் ஏறியது. இங்கேதான் மிகக் கொடுமையான திருப்பம். ஃபோர்டு 1992 கேம்ரியைத் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் டொயோட்டா என்ன செய்தது தெரியுமா? அந்த கேம்ரிக்குச் செலவு அதிகம் என்று முடிவுசெய்து, 1997 மாடலில் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலெல்லாம் செலவைக் குறைத்து, தோற்றத்தை எளிமையாக்கி, விலையையும் இறக்கியது. கஷ்டப்பட்டு எட்டிப் பிடித்தபோது போட்டியாளர் வேறு தெருவில் இருந்தார். 1996-இல் டாரஸ் முதலிடத்தைத் தக்கவைத்தது, அதுவும் வாடகைக் கார் விற்பனையின் தயவில். 1997-இல் கேம்ரி முதலிடத்துக்கு வந்தது. அதன்பின் அமெரிக்கக் கார் எதுவும் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை.

2000 மாடலில் முட்டைகளை அழித்தார்கள், கூரையை உயர்த்தினார்கள், டிக்கியைப் பெரிதாக்கினார்கள். பின்சீட்டுக்காரர்களின் குறையை ஃபோர்டே ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது. ஆனால் அதற்குள் நிறுவனத்தின் மனசு எக்ஸ்ப்ளோரர் என்ற தன் எஸ்யூவியின் பக்கம் போய்விட்டது. எரிபொருள் சிக்கன விதிகள் எஸ்யூவிகளை இலகு டிரக் கணக்கில் சேர்த்து, கார்களைவிடக் குறைவான கட்டாயத்தோடு விட்டுவைத்தன. ஒரு எக்ஸ்ப்ளோரரில் கிடைத்த லாபம் டாரஸில் கிடைக்காது. பணமும் பொறியாளர்களும் அங்கே போனார்கள். டாரஸ் கவனிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடியது, கடைசியில் பெரும்பாலும் வாடகைக் காராக. அப்படித்தான் அது ஹேப்வில்லின் அந்த அக்டோபர் நாளுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் ஏறத்தாழ 70 லட்சம் டாரஸ்கள் சாலைக்கு வந்திருந்தன.

அதன் இடத்தை நிரப்ப வந்தது ஃபைவ் ஹண்ட்ரட். அப்போது ஃபோர்டின் கையில் இருந்த வோல்வோவின் அடித்தளத்தின் மேல் கட்டியது. கூரை உயரம், இருக்கை உயரம், பின்சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்காரலாம், டிக்கி 600 லிட்டர். குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. பார்த்தால் ஒரு முகமும் நினைவில் நிற்காது, எஞ்சினுக்கோ அந்த உடலை இழுக்கும் தெம்பு போதவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி ஃபோர்டின் தலைவராக வந்தார். போயிங் 777-ஐ உருவாக்கியபோது வெரால்டியின் டாரஸ் குழு எப்படி வேலை செய்தது என்பதைப் படித்துப் பாடம் எடுத்துக்கொண்டவர் அவர். அப்படிப்பட்டவர் ஃபோர்டுக்கு வந்த மறுமாதமே டாரஸ் என்ற பெயர் போய்விட்டது. 70 லட்சம் குடும்பங்களுக்குத் தெரிந்த பெயரை ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. 2007 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில், புதுப்பித்த ஃபைவ் ஹண்ட்ரடுக்கு 2008 மாடலாக டாரஸ் என்று பெயர் மாற்றினார்கள். எஞ்சின் பெரிதானது. முகம் பெரிதாக மாறவில்லை, விற்பனையும் மாறவில்லை. அசல் டாரஸை அடுத்த முறை செய்கிறோம் என்று முலாலி வேலையை முடுக்கிவிட்டார்.

அது 2009 ஜனவரியில் டெட்ராய்டில் மேடையேறியது. நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசாங்கத்திடம் கையேந்தி நின்றன. இரண்டுமே சில மாதங்களில் திவாலாகின. ஃபோர்டு 2006-இலேயே தொழிற்சாலைகள் முதல் நீல முட்டைச் சின்னம் வரை எல்லாவற்றையும் அடகு வைத்து 2,360 கோடி டாலர் கடன் திரட்டியிருந்ததால், திவால் நிலைக்குப் போகாமல் தப்பித்து நின்றது. அந்தச் சூழலில் வந்த 2010 டாரஸ் நிஜமாகவே கம்பீரமானது. உயர்ந்த தோள்கள், தாழ்ந்த கூரை, அகன்ற முகம். 5.15 மீட்டர் நீளம். ஆரம்ப விலை 25,995 டாலர், முந்தைய ஆண்டு மாடலின் அதே விலை. எஸ்எச்ஓ என்ற பழைய வேக மாடலும் திரும்ப வந்தது, 365 குதிரைத்திறனோடு.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால்தான் கணக்கு புரியும். ஜன்னல்களின் கீழ்விளிம்பு தோளருகே வந்துவிட்டதால் வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். நடுவிலிருக்கும் அகலமான மேடை ஓட்டுநரின் வலது முழங்காலைத் தொடும். வீல்பேஸ் பழைய அளவேதான், ஆனால் பின்சீட்டில் கால் நீட்டும் இடமும் தலைக்கு மேலிருந்த இடமும் குறைந்தன. ஏறத்தாழ 1,800 கிலோ எடை. வெளியே பெரிய கார், உள்ளே நடுத்தரக் கார். அதே ஷோரூமில், அதே ஃபோர்டின் ஃப்யூஷன் சில ஆயிரம் டாலர் குறைவான விலைக்கு நின்றது. உள்ளே கிட்டத்தட்ட அதே இடம், பெட்ரோல் செலவும் குறைவு. குடும்பம் எதை வாங்கும்? 2010-இல் ஃப்யூஷன் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. புதிய டாரஸ் எந்த ஆண்டிலும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

ஃபைவ் ஹண்ட்ரடில் பின்சீட்டு இருந்தது, முகம் இல்லை. 2010-இல் முகம் வந்தது, பின்சீட்டு போனது. இரண்டும் ஒரே காரில் சேர்ந்திருந்தது 1986-இல். காரணம், அந்தக் குழு முகத்தையும் மளிகைப் பையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமான மறுப்பு. 2014 மாடலாக ஷெவர்லே இம்பாலாவை மறுபடி வடிவமைத்தபோது, அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அதைத் தன் செடான் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. அமெரிக்கக் கார் ஒன்றுக்கு அந்த இடம் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. முகமும் இருந்தது, பின்சீட்டும் இருந்தது. இருந்தும் 2020-இல் இம்பாலாவை நிறுத்தினார்கள். சந்தையே எஸ்யூவிக்கு மாறிவிட்டது, எவ்வளவு நல்ல செடானும் பிழைக்காது என்று இதைக் காட்டிச் சொல்வார்கள். பாதி உண்மை. 2018 வாக்கில் அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவியும் பிக்கப்பும்தான். ஆனால் கேம்ரியும் அக்கார்டும் இன்றும் லட்சக்கணக்கில் விற்கின்றன. கேம்ரி 2025 மாடலிலிருந்து ஹைப்ரிட் மட்டுமே என்று மாறியும் வாங்குகிறவர்கள் குறையவில்லை. செடான் வேண்டுமென்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பழுதில்லாமல் ஓடும் என்ற நம்பிக்கையும், ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை அவமதிக்காமல் வந்த தொடர்ச்சியும் எங்கே இருந்ததோ அங்கே அவர்கள் போனார்கள். இம்பாலா திருந்தியபோது காலம் கடந்திருந்தது. டாரஸுக்கு வாய்ப்பு 1996-இல் இருந்தது. அப்போது சந்தையின் முதலிடம் அதன் கையில் இருந்தது.

போலீஸ் துறைக்கென்று ஒரு டாரஸ் செய்தார்கள், 2011-இல் நின்றுபோன கிரவுன் விக்டோரியாவுக்குப் பதிலாக. அங்கேயும் காவலர்கள் எக்ஸ்ப்ளோரரையே அதிகம் கேட்டார்கள். 2018 ஏப்ரலில் ஃபோர்டு, வட அமெரிக்காவில் செடான் கார்களுக்கு இனி முதலீடு இல்லை என்று அறிவித்தது. 2019 மார்ச் 1-இல் சிகாகோ ஆலையில் கடைசி அமெரிக்க டாரஸ் முடிந்தது. அந்த ஆலை எக்ஸ்ப்ளோரர் தயாரிப்பைத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு ஃப்யூஷனும் போனது.

இன்று அமெரிக்காவில் ஃபோர்டு விற்கும் ஒரே கார் மஸ்டாங். இரண்டு கதவு, பின்சீட்டு பேருக்குத்தான். ஆனால் டாரஸ் என்ற பெயர் செத்துவிடவில்லை. துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் அந்தப் பெயர் தாங்கிய புதிய செடானை ஃபோர்டு ஷோரூமில் இப்போதும் பார்க்கலாம். அது சீனாவில் சாங்கான் ஃபோர்டு தயாரிக்கும் மொண்டியோ. வளைகுடாவுக்கு வரும்போது டாரஸ் என்று பெயர் ஏற்கிறது.